வேதியியல் ஆய்வுக் கட்டுரைக்கு ரெஃபரன்ஸ் எழுதுவது எப்படி?

முதல் ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் ரெஃபரன்ஸ் பட்டியலைக் கடைசி இரவுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். நிறமாலைப் படங்கள், அட்டவணைகள், முடிவுரை எல்லாம் தயாரான பிறகு, "வெறும் ஃபார்மேட்தானே" என்று அவசர அவசரமாக ஒட்டுகிறார்கள். ஆனால் கட்டுரையைப் பரிசீலிக்கும் ரெவ்யூவர்கள் பலர் சீக்கிரமே புரட்டிப் பார்க்கும் பக்கம் அதுதான். இவர் இந்தத் துறையில் யாரையெல்லாம் படித்திருக்கிறார், அண்மையில் வந்தவற்றைக் கவனித்திருக்கிறாரா, சொன்ன கூற்றுக்கும் கைகாட்டிய கட்டுரைக்கும் சம்பந்தம் உண்டா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

ஒரு ரெஃபரன்ஸ் செய்யும் வேலை விலாசத்தின் வேலை. முன்பின் தெரியாத ஒருவர், எந்த நாட்டில் இருந்தாலும், இன்னும் முப்பது ஆண்டு கழித்துத் தேடினாலும், நீங்கள் சொல்லும் அதே கட்டுரையின் அதே பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வேலைக்குத் தேவையான தகவல்கள் சரியாக இருக்கின்றனவா என்பது முதல் கேள்வி. புள்ளியும் காற்புள்ளியும் எங்கே என்பது இரண்டாவது கேள்வி. இந்த வரிசை மாறுவதால்தான் பாதிச் சிக்கல்கள் வருகின்றன என்பது என் கருத்து.

உண்மையான ஒரு கட்டுரையை வைத்தே பார்ப்போம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும், அவருடன் பணியாற்றிய சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரும் 1963-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று புரத வேதியியலில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ராமச்சந்திரன் வரைபடம் என்று பாடப்புத்தகங்களில் வருவது அந்த ஆய்விலிருந்து வந்ததுதான். அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியின் முறைப்படி, அதாவது ஏசிஎஸ் பாணியில், அது இப்படி வரும். உங்கள் கட்டுரையில் இது ரோமன் எழுத்தில் இருக்கும். குறிகள் எங்கே விழுகின்றன என்று காட்டுவதற்காக இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

ராமச்சந்திரன், ஜி. என்.; ராமகிருஷ்ணன், சி.; சசிசேகரன், வி. ஸ்டீரியோகெமிஸ்ட்ரி ஆஃப் பாலிபெப்டைடு செயின் கான்ஃபிகரேஷன்ஸ். ஜெ. மோல். பயோல். 1963, 7, 95–99.

பெயர் முதலில், காற்புள்ளி, அப்புறம் இனிஷியல். இப்படிக் காற்புள்ளி பெயருக்குள்ளேயே செலவாகிவிடுவதால், ஒருவரை அடுத்தவரிடமிருந்து பிரிக்க அரைப்புள்ளி வருகிறது. இரண்டு இடத்திலும் காற்புள்ளியையே போட்டால் யாருடைய இனிஷியல் யாருக்கு என்று குழம்பும். கடைசி ஆசிரியருக்கு முன்னால் 'அண்ட்' கிடையாது. பிறகு கட்டுரைத் தலைப்பு, ஒரு முற்றுப்புள்ளி. இதழின் சுருக்கப் பெயர் சாய்வெழுத்தில். ஆண்டு தடித்த எழுத்தில். தொகுதி எண் சாய்வெழுத்தில். பக்கங்கள் சாதாரண எழுத்தில்.

இந்தத் தடிப்பும் சாய்வும் அழகுக்காக வைத்தவை என்று நினைக்க வேண்டாம். மியௌராவும் சுசுகியும் தங்கள் பெயரால் வழங்கும் இணைப்பு வினையைப் பற்றி எழுதிய பிரபலமான மறுபார்வைக் கட்டுரை, கெமிக்கல் ரிவ்யூஸ் இதழில் 1995-ஆம் ஆண்டு, 95-ஆம் தொகுதியில், 2457-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. எந்த வேறுபாடும் காட்டாமல் 1995, 95, 2457 என்று வரிசையாக எழுதினால், வேகமாகப் படிக்கும் கண் ஓர் எண்ணை விழுங்கிவிடும். நான்கு இலக்க எண்களில் எது ஆண்டு, எது பக்கம் என்று எழுத்தின் வடிவமே சொல்லிவிட வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு.

இதே ரெஃபரன்ஸ் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி இதழுக்குப் போனால் உடை மாறும். இனிஷியல் முன்னால் வரும், ஆசிரியர்களுக்கு நடுவே காற்புள்ளி, கடைசி ஆசிரியருக்கு முன் 'அண்ட்', தடித்த எழுத்து ஆண்டுக்கு இல்லை, தொகுதிக்கு: ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன் அண்ட் வி. சசிசேகரன், ஜெ. மோல். பயோல்., 1963, 7, 95–99. கட்டுரைத் தலைப்பைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இந்தப் பாணியில் வழக்கமாக இல்லை. வைலி வெளியிடும் ஆங்கேவான்ட்டே கெமியில் 'அண்ட்' போய்விடும், தடிப்பு மறுபடி ஆண்டுக்கே திரும்பும். எல்செவியரின் எண்முறைப் பாணி ஒன்றில் தொகுதி முதலில் வந்து, ஆண்டு அடைப்புக்குறிக்குள் போகும்: ஜெ. மோல். பயோல். 7 (1963) 95–99. தலைப்பை விட்டுப் பார்த்தால், நான்கு உடையிலும் உள்ளே இருக்கும் தகவல் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். அதைச் சரியாகச் சேகரித்துவிட்டால் உடை மாற்றுவது நிமிட வேலை. எந்த உடை என்பதை அந்தந்த இதழின் ஆசிரியர் வழிகாட்டிப் பக்கமும், அதே இதழில் இந்த மாதம் வந்த ஒரு கட்டுரையும் சொல்லிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஏசிஎஸ் தன் வழிகாட்டியை 1986-இல் புத்தகமாகக் கொண்டுவந்தது. 2020 முதல் அது இணையத்தில் இருக்கிறது. சீனியர் ஒருவரின் அலமாரியில் கிடக்கும் பழைய பதிப்பை நம்ப வேண்டியதில்லை.

உரைக்குள் வரும் எண்களுக்குப் போவோம். வேதியியல் இதழ்களில் பெரும்பாலும் எண்முறைதான். கட்டுரையில் எது முதலில் பேசப்படுகிறதோ அதற்கு 1, அடுத்ததற்கு 2 என்று போகும். ஒருமுறை கொடுத்த எண் கட்டுரை முழுக்க அதற்கே. அட்டவணையிலோ படக்குறிப்பிலோ மட்டும் வரும் ரெஃபரன்ஸுக்கு எண் எப்படிக் கொடுப்பது என்று நிறையப் பேர் தடுமாறுவார்கள்: அந்த அட்டவணை உரையில் முதன்முதலாகக் குறிப்பிடப்படும் இடத்தில் அது வந்ததாகக் கொண்டு எண்ணிடுங்கள்.

எண்ணை மேலெழுத்தாகப் போடும்போது, ஏசிஎஸ் முறையில் அது முற்றுப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் பிறகு, இடைவெளி இல்லாமல் வரும். ஆங்கேவான்ட்டேயில் சதுர அடைப்புக்குறியும் சேர்ந்து மேலே ஏறும். சில இதழ்களில் வரியோடு வரியாக அடைப்புக்குறிக்குள். இதில் வேதியியலுக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. நம் எழுத்தில் மேலெழுத்துக்கு ஏற்கெனவே வேறு வேலைகள் உண்டு: அயனியின் மின்சுமை, பத்தின் அடுக்கு, ஐசோடோப்பின் நிறை எண். பரப்பளவு 15 செ.மீ என்று எழுதி அதன் தலையில் ரெஃபரன்ஸ் எண் 2-ஐ வைத்தால், படிப்பவருக்கு அது சதுர சென்டிமீட்டர். வேகம் 10 மடங்கு கூடியது என்று சொல்ல வந்து, அந்தப் பத்தின் மேல் ரெஃபரன்ஸ் 3-ஐ வைத்தால், ஆயிரம் மடங்கு! எண், அலகு, வாய்பாடு மூன்றின் மேலும் ரெஃபரன்ஸ் எண்ணை உட்கார வைக்காதீர்கள். வாக்கியத்தைச் சற்று மாற்றி, ஆய்வாளரின் பெயருக்குப் பின்னாலோ சாதாரணச் சொல் ஒன்றுக்குப் பின்னாலோ நகர்த்திவிடுங்கள். எந்த மென்பொருளும் இதைப் பார்த்துச் சொல்லாது.

இதழ்ப் பெயரைச் சுருக்குவது அடுத்த கலாட்டா. ஜர்னல் ஆஃப் தி அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி என்பதை ஆய்வகத்தில் எல்லாரும் ஜேக்ஸ் என்பார்கள். பட்டியலில் அப்படி எழுத முடியாது. ஜெ. ஆம். கெம். சொக். என்று நான்கு துண்டாக, ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்து எழுத வேண்டும். 'ஆஃப்', 'தி' போன்ற சொற்கள் விழுந்துவிடும். நேச்சர், சயின்ஸ், டெட்ராஹெட்ரான், லாங்மியூர் போன்ற ஒற்றைச் சொல் பெயர்களைச் சுருக்குவதில்லை, புள்ளியும் வைப்பதில்லை. நாமாக ஊகித்துச் சுருக்கக் கூடாது. கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ், காஸ்ஸி என்ற தேடுகருவியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முழுப் பெயரைக் கொடுத்தால் சுருக்கத்தைத் தரும், சுருக்கத்தைக் கொடுத்தால் முழுப் பெயரைச் சொல்லும். பழைய ஜெர்மன் கட்டுரையின் அடிக்குறிப்பில் விளங்காத சுருக்கம் எதையாவது பார்த்து விழிக்கும்போது இது கைகொடுக்கும்.

இதழ் பெயர் மாறியிருந்தால், கட்டுரை வந்த நாளில் என்ன பெயரோ அதையே எழுதுங்கள். கெமிஷே பெரிஷ்டே 1990-களின் இறுதியில் ஐரோப்பிய இதழ்களோடு கலந்துவிட்டது. அதற்காக 1920-இல் வந்த கட்டுரைக்கு இன்றைய பெயரைச் சூட்ட முடியாது. ஆங்கேவான்ட்டேயில் வேறு விதமான குழப்பம். ஜெர்மன் பதிப்பும் சர்வதேசப் பதிப்பும் தனித்தனியே தொகுதி எண்ணும் பக்க எண்ணும் கொண்டு வந்த காலம் நீண்டது. ஷார்ப்லெஸ் குழுவின் கிளிக் கெமிஸ்ட்ரி கட்டுரை சர்வதேசப் பதிப்பில் 2001, 40, 2004-ஆம் பக்கம். ஜெர்மன் பதிப்பில் அதே ஆண்டு, 113, 2056-ஆம் பக்கம். இரண்டும் சரி. ஒன்றின் தொகுதியையும் மற்றொன்றின் பக்கத்தையும் கலந்து எழுதினால்தான் தவறு. அதோடு, அந்தப் பக்க எண் 2004 என்பது பார்வைக்கு ஆண்டு போலவே இருக்கிறதல்லவா? தடித்த எழுத்து ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தொகுதி எண்ணே இல்லாத கட்டுரைகளும் உண்டு. தங்க நானோ துகள் செய்யும் மாணவர் ஒவ்வொருவரும் ஒருநாள் இதைச் சந்திப்பார்: ப்ரஸ்ட், வாக்கர், பெத்தெல், ஷிஃப்ரின், வைமன் ஐவரும் 1994-இல் வெளியிட்ட இரண்டு பக்கக் கட்டுரை. அன்று அந்த இதழின் பெயர் ஜெ. கெம். சொக்., கெம். கம்யூன். அதற்கு ஆண்டும் பக்கமும் மட்டுமே. சரியான வடிவம், பெயர்களும் தலைப்பும் போக, இவ்வளவுதான்: ஜெ. கெம். சொக்., கெம். கம்யூன். 1994, 801–802. ரெஃபரன்ஸ் பட்டியலை உருவாக்கும் மென்பொருளுக்கு காலி இடத்தைப் பார்த்தால் பொறுக்காது. அந்த வெளியீட்டின் (இஷ்யூ) எண்ணான 7-ஐத் தொகுதி இடத்தில் வைத்துவிடும், அல்லது பூஜ்யம் போட்டுவிடும். அதை அப்படியே விட்டால், படிப்பவர் ஏழாம் தொகுதியைத் தேடிப் போவார். அங்கே ஒன்றும் இருக்காது.

கணக்கீட்டு வேதியியல் செய்கிறவர்களுக்கு ஃபிசிகல் ரிவ்யூ ஒரு பொறி. லீ, யாங், பார் மூவரின் 1988-ஆம் ஆண்டுக் கட்டுரை ஃபிசிகல் ரிவ்யூ பி-யில், 37-ஆம் தொகுதி, 785-ஆம் பக்கம். அந்த 'பி' இதழின் பெயரில் சேர்ந்தது. தொகுதியோடு ஒட்டி 'பி37' என்று எழுதினால் இணைப்பு உண்டாக்கும் கணினி தடுமாறும். அதே ஆண்டு பெக்கே எழுதியது ஃபிசிகல் ரிவ்யூ ஏ-யில், 38, 3098. ஓர் எழுத்து மாறினால் வேறு இதழுக்குப் போய்விடுவோம்.

இப்போது வரும் பல கட்டுரைகளுக்குப் பக்க எண் கிடையாது, கட்டுரை எண்தான். நேச்சர் கம்யூனிகேஷன்ஸ், அண்மைக் கால ஆங்கேவான்ட்டே எல்லாம் அப்படித்தான். பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த எண்ணைப் போட்டுவிடலாம். தரவிறக்கிய பிடிஎஃபில் 1 முதல் 9 வரை இருக்கும் தாள் எண்களைப் பக்க எண்ணாக எழுதிவிட வேண்டாம்.

பெயர்கள் விஷயத்தில் நமக்கு ஒரு தனி அக்கறை இருக்க வேண்டும். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அப்பா பெயரோ ஊர்ப் பெயரோ இனிஷியலாக முன்னால் நிற்கும். இதழின் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டியை நீட்டும். அங்கே அப்பாவின் பெயரைக் கடைசிப் பெட்டியில் நிரப்பினால், நாளை உலகம் உங்களை உங்கள் அப்பா பெயரால் மேற்கோள் காட்டும். அடுத்த கட்டுரையில் வேறு மாதிரி நிரப்பினால் தரவுத்தளத்தில் இரண்டு ஆளாக ஆகிவிடுவீர்கள். முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து, கடைசிவரை மாற்றாமல் இருங்கள். ஆய்வாளர்களை அடையாளம் காட்ட 2012-இல் தொடங்கிய ஓர்கிட் என்ற 16 இலக்க எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் குழம்பினாலும் எண் குழம்பாது.

பிறர் பெயரை எழுதும்போதும் அதே கவனம். கட்டுரையின் முதல் பக்கத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதுதான் ஆதாரம். ராமச்சந்திரனுடன் எழுதியவர் சி. ராமகிருஷ்ணன். ரைபோசோம் அமைப்புக்காக 2009-இல் வேதியியல் நோபல் பெற்றவர், சிதம்பரத்தில் பிறந்த வி. ராமகிருஷ்ணன். இருவரும் உயிர் மூலக்கூறுகளின் வடிவத்தை ஆராய்ந்தவர்கள். ஓர் இனிஷியல் மாறினால் ஒருவரின் உழைப்பு இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். சீன, கொரியப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வருவது வழக்கம். சில இதழ்கள் அதைத் திருப்பி அச்சிடும், சில அப்படியே விடும். சந்தேகம் வந்தால் அதே ஆசிரியரின் வேறு இரண்டு கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். ஆசிரியர்கள் நிறையப் பேர் இருந்தால் எத்தனை பெயருக்குப் பிறகு 'எட் ஆல்.' (மற்றும் பலர்) போடலாம் என்பதை இதழின் வழிகாட்டியில் பாருங்கள். எல்லாரையும் எழுதச் சொல்லும் இதழ்கள் உண்டு, பத்துப் பேரோடு நிறுத்தச் சொல்பவையும் உண்டு.

"இதையெல்லாம் கையால் செய்ய வேண்டுமா?" என்றால், வேண்டாம். ரெஃபரன்ஸ்களைச் சேகரித்துப் பட்டியலிடும் மென்பொருள்கள் உண்டு. ஸொட்டேரோ இலவசம். மெண்டலி, எண்ட்நோட் இரண்டும் பரவலாகப் புழக்கத்தில் இருப்பவை. லேடெக்கில் எழுதுகிறவர்களுக்கு பிப்டெக் இருக்கிறது. ஏசிஎஸ் இதழ்களுக்கென்றே அகெம்சோ என்ற தொகுப்பு உண்டு. ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இவற்றில் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு ஸொட்டேரோவையே சொல்வேன். உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டுரையின் விவரங்கள் வந்து சேரும். நடுவில் ஒரு ரெஃபரன்ஸைச் செருகினால் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் தானாக நகரும். கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பி, வேறு இதழுக்குப் போக நேர்ந்தால் பாணியை ஒரே சொடுக்கில் மாற்றலாம்.

ஆனால் இந்தக் கருவிகள் புள்ளியையும் காற்புள்ளியையும்தான் பார்த்துக்கொள்ளும். உள்ளே வந்த தகவல் சரியா என்று அவற்றுக்குத் தெரியாது. வேதியியல் தலைப்புகளில் இது அடிக்கடி மாட்டும். கார்பன் டை ஆக்சைடின் வாய்பாட்டில் கீழே இறங்கியிருக்க வேண்டிய 2 நிமிர்ந்து நிற்கும். ஆல்ஃபா, பீட்டா போன்ற கிரேக்க எழுத்துகள் பெட்டிக் குறியாக மாறிவிடும். சேர்மப் பெயரின் முன்னால் வரும் சாய்வெழுத்து நேராகிவிடும். சில பழைய கட்டுரைகளின் தலைப்பு முழுக்க பெரிய எழுத்தில் வந்து இறங்கும். பட்டியலில் திருத்தினால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது பழையபடி ஆகிவிடும். மென்பொருளின் உள்ளே அந்தப் பதிவிலேயே திருத்த வேண்டும். கட்டுரையைச் சேர்த்த அன்றைக்கே, பிடிஎஃபின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்து ஒரு நிமிடம் ஒப்பிட்டுவிடுங்கள். ஐம்பது கட்டுரை சேர்ந்த பிறகு செய்யலாம் என்று விட்டால் அது நடக்கவே நடக்காது.

ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தரப்படும் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணைத் தவறாமல் சேருங்கள், இதழ் கேட்காவிட்டாலும் உங்கள் பதிவில் இருக்கட்டும். 10-இல் தொடங்கும் இந்த எண்ணின் முன்பகுதியே பதிப்பாளரைக் காட்டும்: 10.1021 என்றால் ஏசிஎஸ், 10.1039 என்றால் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, 10.1002 என்றால் வைலி. பதிப்பாளர் வலைத்தளத்தை மாற்றினாலும் டிஓஐ வழியாகப் போனால் கட்டுரை கிடைக்கும்.

இதழ்க் கட்டுரை அல்லாதவற்றையும் கொஞ்சம் பார்ப்போம். புத்தகத்துக்குப் பதிப்பாளர், பாணி கேட்டால் ஊர், ஆண்டு, நீங்கள் பார்த்த பக்கம் வேண்டும். காப்புரிமைக்கு அதன் எண்ணும் தேதியும். ஆய்வேட்டுக்குப் பட்டமும் பல்கலைக்கழகமும். கெம்ஆர்க்சைவ் போன்ற தளத்தில், இதழில் வருவதற்கு முன்பே போடப்பட்ட முன்பதிப்பு என்றால் அது முன்பதிப்பு என்று தெரிய வேண்டும். பிறகு இதழில் வந்துவிட்டிருந்தால் அந்த வடிவத்தையே காட்டுங்கள்.

மென்பொருளுக்கு மேற்கோள் கொடுப்பதை நிறையப் பேர் மறக்கிறார்கள். கணக்கீட்டு மென்பொருளான கௌஸியன் 16-ஐப் பயன்படுத்தினால், எந்தத் திருத்தப் பதிப்பு என்பது உட்பட, அந்த நிறுவனமே சொல்லும் நீண்ட ஆசிரியர் பட்டியலோடு கொடுக்க வேண்டும். அதோடு நின்றால் போதாது. கணக்கீட்டில் எந்தச் சார்பியத்தை (ஃபங்ஷனல்) பயன்படுத்தினீர்களோ அதைக் கண்டவர்களின் மூலக் கட்டுரைகளும் வேண்டும். படிக அமைப்புத் தீர்ப்பவர்கள் அதற்கு உதவும் ஷெல்எக்ஸ் நிரல்களை மறக்கக் கூடாது. கேம்பிரிட்ஜ் படிகத் தரவு மையத்தில் பெற்ற எண்ணையும் கட்டுரையில் தர வேண்டும். ஷெல்எக்ஸின் கதை சுவாரசியமானது. அதை உருவாக்கிய ஜார்ஜ் ஷெல்ட்ரிக், 2008-இல் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ இதழில் அதன் வரலாற்றை எழுதி, இந்த நிரல்களைப் பயன்படுத்துவோர் பொதுவான மேற்கோளாக இந்தக் கட்டுரையைக் காட்டலாம் என்றார். உலகெங்கும் படிக ஆய்வாளர்கள் அப்படியே செய்தார்கள். சுமார் 2 ஆக இருந்த அந்த இதழின் தாக்கக் காரணி, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் கணக்கு, 2009-க்கான கணக்கில் 49.9-க்குத் தாவியது. அதுவரை பலர் தினம் தினம் பயன்படுத்தியும் கணக்கில் வராமல் கிடந்த உழைப்பு, ஒரு விலாசம் கிடைத்ததும் வெளியே தெரிந்தது.

இதே காரணத்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தயாரிப்பு முறைகளை எல்லாம் துணைத் தகவல் கோப்புக்குத் தள்ளிவிட்டு, அவற்றுக்கான ரெஃபரன்ஸையும் அங்கேயே வைத்துவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தக் கோப்பில் மட்டும் இருக்கும் மேற்கோள்கள் பெரும்பாலும் தரவுத்தளங்களில் கணக்காவதில்லை. யாருடைய செய்முறை இல்லாமல் உங்கள் வேலை நடந்திருக்காதோ, அவரைப் பிரதான பட்டியலில் வையுங்கள்.

இனி மிக முக்கியமானது. வேறொருவரின் ரெஃபரன்ஸ் பட்டியலிலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள். சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் ஒரு வேலை செய்தார்கள். 1973-இல் வந்த புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரை ஒன்றுக்கு அதுவரை கிடைத்த சுமார் 4300 மேற்கோள்களை எடுத்துப் பிழைகளைத் தேடினார்கள். 196 இடத்தில் அச்சுப்பிழை. ஆனால் வெவ்வேறு பிழைகள் 45 மட்டுமே. ஒரே ஒரு பக்க எண் பிழை 78 முறை திரும்பத் திரும்ப வந்திருந்தது. எழுபத்தெட்டுப் பேரும் தனித்தனியே அதே இலக்கத்தில் தவறியிருக்க முடியாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்திருக்கிறார்கள். மூலக் கட்டுரையை உண்மையில் படித்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இதைவிடக் கவலை தருவது இல்லாத கட்டுரையின் கதை. எல்செவியர் தன் ஆசிரியர் வழிகாட்டியில், வடிவம் காட்டுவதற்காக ஒரு மாதிரி ரெஃபரன்ஸ் வைத்திருந்தது. வான் டெர் கீர், ஹன்ராட்ஸ், லப்டன் என்று மூன்று பெயர், அறிவியல் கட்டுரை எழுதும் கலை என்ற பொருளில் ஒரு தலைப்பு, 2000, 163, 51–59. அப்படி ஒரு கட்டுரை எழுதப்படவே இல்லை. ஆனால் ஆன்வில் ஹார்சிங் என்ற ஆய்வாளர் 2017-இல் இதைப் பற்றி எழுதியபோது, அந்த இல்லாத கட்டுரைக்கு ஏறக்குறைய 400 மேற்கோள்கள் சேர்ந்திருந்தன. வார்ப்புருவை நிரப்பியவர்கள் மாதிரி வரியை அழிக்க மறந்திருக்கிறார்கள். ரெவ்யூவர் கண்ணிலும் படவில்லை. இன்று செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும், கேட்டால் அச்சு அசலாக வடிவம் பிசகாத, ஆனால் எங்கும் இல்லாத ரெஃபரன்ஸைத் தரக்கூடும். ஆசிரியர் பெயர் நிஜமாக இருக்கும், இதழ் நிஜமாக இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. வடிவம் சரியாக இருப்பது உண்மைக்கு உத்தரவாதம் ஆகாது. டிஓஐயைச் சொடுக்கி, திறக்கும் பக்கத்தில் அதே தலைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அது பட்டியலுக்குள் வரலாம்.

பக்கம் திறந்ததும் இன்னொன்றையும் கவனியுங்கள்: கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா? அப்படியானால் பதிப்பாளர் பக்கத்தின் மேலேயே அறிவிப்பு இருக்கும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023 முதல், டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் வசம், எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஸொட்டேரோவில் அப்படிப்பட்ட பதிவுகளுக்குச் சிவப்பு எச்சரிக்கை வரும். பழைய பிடிஎஃபை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு இது தெரியாமலே போய்விடும்.

கட்டுரை அனுப்பும்போது, முதல் சமர்ப்பிப்பில் வடிவம் எப்படியிருந்தாலும் சரி என்று இப்போது பல பதிப்பாளர்கள் சொல்கிறார்கள். சீராக இருந்தால் போதும், திருத்திய பதிப்பில்தான் இதழின் பாணி வேண்டும். அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளலாம், தகவல்களில் மட்டும் விட்டுக்கொடுக்காமல்.

ஏற்கப்பட்ட பிறகு, வெளியிடுவதற்கு முன் சரிபார்க்கும் பிரதியான ப்ரூஃப் வரும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். ரெஃபரன்ஸ் 23 உரையில் எங்கும் இல்லை, 31-க்குப் பக்க எண் தேவை, 12-உம் 40-உம் ஒன்றுதானா என்று ஓரத்தில் கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். நீங்கள் எழுதும்போது தொகுதி எண் கிடைக்காமல், இணையத்தில் மட்டும் வந்திருந்த கட்டுரைகளுக்கு இதற்குள் தொகுதியும் பக்கமும் வந்திருக்கும். அவற்றைத் தேடி நிரப்ப இதுதான் கடைசி வாய்ப்பு. பிறகு உங்கள் பெயரையும் இனிஷியலையும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.